ஜன்னல் வைத்த ஸ்பீக்கர் பெட்டிக்கு வினைல் ஒட்டுவது: மூலை பிரியாமல் இருக்க முழு வழிகாட்டி

ஜன்னல் மூலையில் வினைல், அதாவது ரெக்சின், பிரிந்து, உள்ளே பழுப்பு மரம் எட்டிப் பார்க்கும் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நிறையப் பார்த்துவிட்டேன். பெட்டியின் மற்ற எல்லா இடமும் அழகாக இருக்கும். வெளி விளிம்புகள் சுத்தமாக மடங்கியிருக்கும், ஸ்பீக்கர் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். ஆனால் உள்ளே இருப்பதைக் காட்டவென்று ஆசையாக வைத்த அந்த ஜன்னலைச் சுற்றித்தான் நான்கு மூலையும் வாய் பிளந்து நிற்கும். கண் முதலில் போவதும் அங்கேதான்.

இந்த ஊரில் ஸ்பீக்கர் பெட்டி சாதாரண விஷயம் இல்லை. க்கோம் இசை பிறந்த ஊர் இது. மினிபஸ் டாக்சி தெருமுனை திரும்பும் முன்பே அதன் பேஸ் ஒலி நம் வீட்டு ஜன்னலைத் தட்டும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பையன்கள் பேக்கி என்னும் சின்ன பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் பெட்டி வைப்பதற்கு மாதக் கணக்கில் பணம் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்த பணத்தில் செய்யும் பெட்டி இரண்டு வாரத்தில் பிரிந்தால் மனசு கஷ்டப்படும். நான் செய்த முதல் ஜன்னல் பெட்டிக்கு அதுதான் நடந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்காகச் செய்தது. தைப்பூசக் காவடி முடிந்த கையோடு, பிப்ரவரிப் புழுக்கத்தில் ஒட்டினேன். மாதம் முடிவதற்குள் நான்கு மூலையும் பூ மாதிரி விரிந்துவிட்டன.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். வாழ்நாள் முழுக்க பஸ் சீட் தைத்தவர். எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். மூலையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். "தம்பி, தப்பு ஒட்டுனதுல இல்ல. மரத்த வெட்டுனதுல இருக்கு" என்றார். பசையை மாற்ற வேண்டும், வினைலை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு அது புதிதாக இருந்தது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

மூலை ஏன் பிரிகிறது

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை தானாகப் புரியும்.

18 மி.மீ. தடிமனான பலகையில் ஒரு சதுர ஓட்டை போட்டிருக்கிறீர்கள். அதன் மேல் வினைலை விரித்து, நடுவில் கிழித்து, ஓட்டையின் சுவர் வழியாக உள்ளே மடிக்கிறீர்கள். நேரான பக்கங்களில் எந்தத் தொல்லையும் இல்லை, துணி அப்படியே மடங்கும். மூலையில் மட்டும் துணி போதாது. மூலைக்கு 45 டிகிரியில் வெட்டுகிறோம் இல்லையா, அங்கே இரண்டு பக்கத்து மடிப்பும் ஒன்றை விட்டு ஒன்று விலகும். 18 மி.மீ. ஆழத்தில் ஒவ்வொரு மடிப்பும் மூலையிலிருந்து 18 மி.மீ. தள்ளி நிற்கும். மொத்தம் 36 மி.மீ. சுவர் துணியே இல்லாமல் நிற்கிறது. அதை மறைக்கத்தான் எல்லோரும் இழுத்து இழுத்து ஒட்டுகிறார்கள். இழுத்த துணி திரும்பிப் போகத்தான் பார்க்கும். வெயிலில் பசை இளகியதும் போய்விடும்.

மூலையை வளைவாக வெட்டினால் என்ன ஆகும்? 18 மி.மீ. சுவருக்கு ஏறக்குறைய 28 மி.மீ. துணி குறையும். ஆரம் 18 மி.மீ.-க்குக் குறையாத வரை, வளைவு சின்னதோ பெரியதோ, குறைவது அதே 28 தான். வித்தியாசம் எங்கே என்றால், 20 மி.மீ. ஆர வளைவில் அந்தக் குறை வெறும் 31 மி.மீ. நீளத்தில் வந்து குவிகிறது. 40 மி.மீ. ஆர வளைவில் அது 63 மி.மீ. நீளத்துக்குப் பரவுகிறது. பரவினால் துணி ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்தான் இழுபடும், நிம்மதியாக உட்காரும்.

இன்னொரு வழியும் உண்டு. சுவரின் ஆழத்தையே குறைத்துவிடுவது. பலகையின் உள்பக்கமாக ஜன்னலைச் சுற்றி 8 மி.மீ. ஆழத்துக்குச் சீவி எடுத்துவிட்டால், துணி மடிய வேண்டிய உதடு 10 மி.மீ. தான். குறையும் துணியும் 28-லிருந்து 16 மி.மீ. ஆகிவிடும். வளைவு, மெல்லிய உதடு இரண்டையும் சேர்த்துச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நான் இப்போது இந்த இரண்டும் இல்லாமல் ஜன்னல் பெட்டி செய்வதே இல்லை.

பெட்டியும் அளவுகளும்

அளவு சொல்லாமல் விளக்கினால் காற்றில் கோடு போட்ட மாதிரி இருக்கும். அதனால் ஒரே பெட்டியை வைத்துச் சொல்கிறேன். 12 அங்குல சப்வூஃபருக்கான மூடிய பெட்டி. வெளி அளவு அகலம் 460, உயரம் 360, ஆழம் 330 மி.மீ. பலகை 18 மி.மீ. எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை. இங்கே கடையில் சூப்பாவுட் என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். உள்ளே ஏறக்குறைய 40 லிட்டர் இடம். ஸ்பீக்கரும் குறுக்குக் கட்டையும் எடுத்துக்கொள்வது போக 36 லிட்டர் அளவில் மிஞ்சும். உங்கள் ஸ்பீக்கரோடு வரும் தாளில் எத்தனை லிட்டர் கேட்கிறதோ அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் முன்பலகையில், ஜன்னல் மேல்பலகையில். டிக்கியைத் திறந்ததும் மேலிருந்து பார்க்கிறோம், அதனால்தான் மேலே. ஜன்னல் ஓட்டை 260 க்கு 130 மி.மீ., மூலை வளைவின் ஆரம் 40.

ஜன்னலுக்கு அக்ரிலிக், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக். இங்கே பெர்ஸ்பெக்ஸ் என்பார்கள். உண்மைக் கண்ணாடி இந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம், அதிர்வில் உடையும், உடைந்தால் ஆபத்து. 10 அல்லது 12 மி.மீ. தடிமன் எடுங்கள். மெல்லியதாக எடுத்தால் பேஸ் அடிக்கும்போது ஜன்னலே ஸ்பீக்கர் மாதிரி ஆடி ஒலியைக் கெடுக்கும். வார்ப்பு அக்ரிலிக், பிழிந்தெடுத்த அக்ரிலிக் என்று இரண்டு வகை உண்டு. வார்ப்பு வகையைக் கேட்டு வாங்குங்கள். துளை போடும்போது உருகி ஒட்டாது, ஓரத்தில் விரிசலும் எளிதில் விடாது. அளவு 350 க்கு 220 மி.மீ. ஓட்டையைவிட ஒவ்வொரு பக்கமும் 45 மி.மீ. பெரியது. இது உள்பக்கத்திலிருந்து திருகப்படும், வெளியே ஒரு திருகு கூடத் தெரியாது.

உள்ளிருந்து மாட்டுவதென்றால் அந்தத் தட்டு ஸ்பீக்கர் ஓட்டை வழியாகத்தானே நுழைய வேண்டும்? 280 மி.மீ. வட்டத்தில் 220 அகலத் தட்டு சாய்வாகப் போகும். இருந்தாலும் பெட்டியை ஒட்டும் முன் அதே அளவு அட்டையை வெட்டி நுழைத்துப் பாருங்கள். குறுக்குக் கட்டை வழியில் நின்றால் அதை நகர்த்த இதுதான் கடைசி வாய்ப்பு.

வினைல் எவ்வளவு வாங்குவது? ஊரில் ரெக்சின் என்போமே, அதே சாமான்தான். பின்னால் துணி ஒட்டிய, நாலாபக்கமும் இழுபடும் வகையாகப் பாருங்கள். கடையிலேயே ஒரு ஓரத்தைப் பிடித்து நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் இழுபட்டால் விட்டுவிடுங்கள், என்ன விலை குறைத்தாலும் சரி. சுருளின் அகலம் பொதுவாக 1.37 மீட்டர். பெட்டியைச் சுற்றிவர 1380 மி.மீ. ஆகிறது, ஒன்றின்மேல் ஒன்று ஏற்ற மிச்சம் வேண்டும். அதனால் நீளவாக்கில் 1450, அகலம் 540 என்று ஒரு துண்டு. மீதி அகலத்தில் இரண்டு பக்கப் பலகைக்கும் துண்டு கிடைத்துவிடும். ஒன்றரை மீட்டர் வாங்கினால் போதும்.

பசை, இரண்டு பக்கமும் தடவிக் காயவைத்துச் சேர்க்கும் வகை. இங்கே பலரும் எந்த டப்பாவாக இருந்தாலும் ஜென்கெம் என்றே சொல்வார்கள். வெப்பம் தாங்கும் வகை கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து அதை வாங்குங்கள். அடைத்து நிறுத்திய காருக்குள் காற்றே 50 டிகிரியைத் தாண்டும், வெயில் நேராக விழும் கறுப்பு வினைல் அதற்கும் மேலே சூடாகும். ஒரு லிட்டர் இந்தப் பெட்டிக்குத் தாராளம்.

மர வேலை

ஓட்டைக்கு முதலில் 6 மி.மீ. பலகையில் ஓர் அச்சு செய்துகொள்ளுங்கள். 80 மி.மீ. விட்டமுள்ள மூடி ஒன்றை வைத்து மூலை வளைவை வரையலாம். அச்சின் உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, விரலை ஓட்டினால் எங்கும் தட்டாத அளவுக்கு மழமழப்பாக்குங்கள். அச்சில் இருக்கும் ஒவ்வொரு மேடு பள்ளமும் பெட்டியில் அப்படியே வரும். மேல்பலகையில் ஜிக்சா ரம்பத்தால் 2 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டி, அச்சை ஒட்டி, ரூட்டரால் (மரத்தைச் சீவி எடுக்கும் சுழல் இயந்திரம்) சரியான கோட்டுக்கு எடுங்கள்.

இந்த வேலை முழுக்க பெட்டியைச் சேர்க்கும் முன்னால், பலகை தனியாக மேசையில் கிடக்கும்போதே முடிய வேண்டும். அடுத்து பலகையைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தில் ஓட்டையைச் சுற்றி 20 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள். ஒரே தடவையில் 8 மி.மீ. இறக்காமல் மூன்று தடவையாகப் போங்கள். மறுபடி திருப்பி, வெளிப்பக்க விளிம்பில் 5 மி.மீ. உருட்டு வெட்டு. கூரான விளிம்பு வினைலை நாளடைவில் அறுத்துவிடும், உருட்டின விளிம்பில் துணி வழுக்கிக்கொண்டு இறங்கும். பெட்டியின் வெளி விளிம்புகளுக்கு 12 மி.மீ. உருட்டு, அது பெட்டியைச் சேர்த்த பிறகு.

எம்.டி.எஃப். தூள் மிகவும் நைசு. அதைச் சேர்த்துப் பிடிக்கும் பிசினில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. கராஜ் கதவைத் திறந்துவைத்து, நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது.

இப்போது நிறம். ஜன்னல் சுவருக்கும் உதட்டுக்கும் வினைல் நிறத்திலேயே மரச் சாயம் தடவிவிடுங்கள். மூலையில் போடும் வெட்டுகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சுவரின் அடியில் கொஞ்சம் திறக்கும். அங்கே கறுப்புக்குள் கறுப்பு தெரிந்தால் யார் கண்ணுக்கும் படாது, பழுப்பு தெரிந்தால் எல்லோர் கண்ணுக்கும் படும். எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். பசையில் இருக்கும் கரைப்பான் அதை உரித்துக் கிளப்பிவிடும், வினைல் மரத்தைப் பிடிக்காமல் பெயிண்டைப் பிடித்துத் தொங்கும். ஜன்னல் வழியாகத் தெரியும் உள்சுவர்களுக்கு மட்டும் மங்கலான கறுப்பு பெயிண்ட் அடிக்கலாம், அங்கே வினைல் வராது. பள்ளத்துக்கு வெளியே, காற்றை அடைக்கப் பின்னால் ஒட்டப்போகும் ஃபோம் டேப் உட்காரும் 25 மி.மீ. பட்டையை மழமழப்பாகத் தேய்த்து, ஒரு கை சீலர் அடித்து வையுங்கள்.

அப்புறம் பெட்டியைச் சேர்ப்பது, திருகுத் தலைகளைப் புதைத்து ஃபில்லர் அடைப்பது, தேய்ப்பது, இதெல்லாம் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான். ஒரே ஒரு எச்சரிக்கை. வினைலுக்கு அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் மேலே பரு மாதிரி தெரியும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உள்ளங்கையால் முழுப் பெட்டியையும் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

நாள் பார்ப்பது

டர்பன் கடலோர ஊர். இங்கே கோடையான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். இந்தப் பசை காயும்போது கரைப்பான் ஆவியாகப் போய், பசைப் படலத்தைக் குளிர்விக்கிறது. காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த படலத்தின் மேல் பனி படிகிற மாதிரி நீர் படிந்துவிடும். பார்த்தால் லேசாக வெளுத்துத் தெரியும். அதன் மேல் வினைலை ஒட்டினால் ஒட்டிய மாதிரி இருக்கும், ஆனால் பிடித்திருக்காது. என் முதல் பெட்டிக்கு நடந்ததில் பாதி இதுதான்.

முடிந்தால் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் ஒட்டுங்கள், காற்று உலர்ந்திருக்கும். கோடையில்தான் ஒட்டியாக வேண்டுமென்றால் விடியற்காலையில் ஆரம்பிக்காதீர்கள். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி, பத்து பதினோரு மணிக்கு மேல், மழை இல்லாத நாளாகப் பாருங்கள். பசை வெளுத்துவிட்டால், கரைப்பான் முழுக்கப் போன பிறகு ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) தூரத்தில் பிடித்து மெல்லச் சூடேற்றி, அந்த வெளுப்பு போன பிறகே ஒட்டுங்கள். ஹீட் கன் கரண்டில் ஓடுவது. லோட் ஷெடிங் என்று முறைவைத்துக் கரண்டை நிறுத்திய நாட்களில் நான் பாதி மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் இருக்குமா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பசை வாடையில் தலை சுற்றும், நெருப்பும் சட்டென்று பற்றும். கதவு திறந்தே இருக்கட்டும். பக்கத்தில் அடுப்பு, சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடாது. பசை ஈரமாக இருக்கும்போது ஹீட் கன்னை அருகில் கொண்டுபோகவே கூடாது. கரைப்பான் முழுக்கப் போன பிறகுதான் சூடு.

ஜன்னலைச் சுற்றி ஒட்டுவது

வேலை ஜன்னலில்தான் தொடங்க வேண்டும். பலர் பின்பக்கத்தில் தொடங்கிச் சுற்றிக்கொண்டு வந்து ஜன்னலைக் கடைசியில் பார்ப்பார்கள். அதற்குள் துணி ஏற்கெனவே இழுபட்டு விறைத்திருக்கும், மூலைக்குக் கொடுக்க அதனிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. மேல்பலகையில் தொடங்கினால் துணி தளர்வாக இருக்கும். ஜன்னல் முடிந்ததும் ஒரு பக்கம் முன்னால் இறங்கி, மறுபக்கம் பின்னால் இறங்கி, அடியில் போய்ச் சேரும். சேரும் கோடு யாருக்கும் தெரியாது.

1. வினைலை மேசையில் கவிழ்த்துப் போடுங்கள். பின்பக்கத் துணியில் மேல்பலகை எங்கே வருமோ அங்கே ஜன்னல் ஓட்டையை அப்படியே வரையுங்கள். அதற்குள் 25 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு, இது 210 க்கு 80 வரும். உதடு 10, உள்ளே மடிய 15, ஆக 25. இந்த உள்கோட்டுக்குள் இருக்கும் துணிக்குப் பசை தடவ வேண்டாம், அது வெட்டி எறிய வேண்டியது.

2. மேல்பலகை, ஜன்னல் சுவர், பள்ளம், வினைலின் பின்பக்கம் எல்லாவற்றுக்கும் பசை. ஜன்னல் சுவர் வெட்டுமுகம் என்பதால் பஞ்சு மாதிரி பசையைக் குடிக்கும். அங்கே ஒரு கை தடவி, 15 நிமிடம் காயவிட்டு, இரண்டாவது கை தடவுங்கள். புறங்கை விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளாமல், நூல் இழுக்காமல் இருக்க வேண்டும். அதுதான் பதம். 10 முதல் 20 நிமிடம் ஆகலாம், கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள்.

3. இரண்டு பசையும் தொட்டால் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நகர்த்த முடியாது. அதனால் பெட்டிக்கும் வினைலுக்கும் நடுவில் இரண்டு காகிதத் தாளைப் போட்டு, வினைலை மேலே விரித்து இடம் பாருங்கள். சரியாக வந்ததும் நடுவிலிருந்து தாளை மெல்ல உருவிக்கொண்டே உள்ளங்கையால் வெளியே நோக்கித் தடவுங்கள். இழுக்காதீர்கள், படுக்கப் போடுங்கள். ஜன்னல் இருக்கும் இடத்தில் துணி தொட்டில் மாதிரி லேசாகத் தொங்கினாலும் நல்லதே.

4. மேல்பலகை முழுக்க ஒட்டிய பிறகு, உள்கோட்டின்படி நடுத்துண்டை வெட்டி எடுங்கள். உள்கோட்டின் மூலைகளையும் கூராக விடாமல் லேசாக வளைத்து வெட்டுங்கள். கூரான வெட்டு முனையிலிருந்துதான் கிழிசல் ஓடும். பிளேடு புதியதாக இருக்கட்டும், நான் ஒரு ஜன்னலுக்கு இரண்டு பிளேடாவது மாற்றுவேன்.

5. முதலில் நான்கு நேர் பக்கங்கள். கையை ஜன்னலுக்குள் விட்டு, துணியை உருட்டு விளிம்பு வழியாக இறக்கி, சுவரில் அழுத்தி, உள்ளே பள்ளத்துக்கு மடியுங்கள். வளைவு தொடங்கும் இடத்துக்கு 10 மி.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள்.

6. இப்போது மூலை. இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மூலையில் ஐந்து வெட்டு போதும். முதல் வெட்டு நடுவில், மூலையை நோக்கிக் குறுக்காக. அதன் இரு பக்கமும் இரண்டிரண்டு, விளிம்பில் அளந்தால் ஏறக்குறைய 10 மி.மீ. இடைவெளியில், எல்லாமே விசிறி மடிப்பு மாதிரி வளைவின் மையத்திலிருந்து விரிந்து போக வேண்டும். எந்த வெட்டும் விளிம்பு வரை போகக்கூடாது. விளிம்புக் கோட்டுக்கு 7 மி.மீ. முன்னால் நிற்க வேண்டும். வெட்டாமல் விட்ட அந்த 7 மி.மீ. துணிதான் உருட்டு விளிம்பைத் தாண்டி முழுசாக இறங்கி, மூலைக்கு வடிவம் கொடுக்கிறது. வெட்டு அதற்குள் போனால் மேலிருந்து பார்க்கும்போதே முக்கோணமாகத் தெரியும், அதை மூட எந்த வழியும் கிடையாது.

அங்கிள் இதைச் செய்து காட்டியது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, விளக்கு காட்டுகிற மாதிரி மூலையின் மேல் வட்டமாகச் சுற்றினார். நிறுத்தவே இல்லை. பத்து நொடியில் வினைலின் விறைப்பு போய், தோசை மாவு படிகிற மாதிரி விளிம்பில் தளர்ந்து படிந்தது. உடனே ஹீட் கன்னைக் கீழே வைத்தார். வலது கட்டைவிரலை மூலையின் நடுவில் வைத்து, அழுத்தாமல், கீழ்நோக்கி வழித்தார். விரல் போன்ற அந்த ஆறு துண்டுகளும் ஒன்றொன்றாகச் சுவரில் இறங்கின. நடுத்துண்டுகள் முதலில், ஓரத் துண்டுகள் கடைசியில். "இழுக்காத தம்பி. சூடு குடுத்தா அதுவே வரும்" என்றார். நான் ஒவ்வொரு முறையும் இடுக்கி தேடுவேன். அவர் கட்டைவிரலைத் தவிர எதையும் பயன்படுத்தவில்லை.

சூடு அதிகமானால் வினைலின் மேல் இருக்கும் தோல் போன்ற கோடுகள் அழிந்து பளபளவென்று ஆகிவிடும். அது திரும்பாது. கை வைத்தால் சுடச்சுட இருக்க வேண்டும், கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கக்கூடாது. மிஞ்சின துண்டு ஒன்றில் முதலில் பழகிப் பாருங்கள்.

இறங்கின துண்டுகளுக்கு நடுவில், சுவரின் அடிப்பாகத்தில் 2, 3 மி.மீ. முக்கோணமாகத் திறந்திருக்கும். அதற்குத்தான் முன்பே சாயம் தடவினோம். துண்டுகள் ஆறும் வரை, அதாவது ஒரு நிமிடம், விரலால் பிடித்திருங்கள். சூடாக இருக்கும்போது விட்டால் திரும்பிவிடும், ஆறிய பிறகு விட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும். நான்கு மூலையும் முடிந்ததும் பள்ளத்துக்குள் மடிந்த துணியை 15 மி.மீ. அளவில் சீராக வெட்டிவிடுங்கள். ஒரு நூல் கூட பள்ளத்தைத் தாண்டி வெளியே வரக்கூடாது. காரணம் கீழே சொல்கிறேன்.

மீதிப் பெட்டி

சரி, கஷ்டமான இடம் தாண்டியாயிற்று. முன்பலகைக்கு இறங்குங்கள். விளிம்பு உருட்டில் மட்டும் லேசாகச் சூடு காட்டி மடியுங்கள். ஸ்பீக்கர் ஓட்டைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. நடுவில் நட்சத்திரமாகக் கீறி உள்ளே மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் போதும், ஸ்பீக்கரின் சட்டம் மறைத்துவிடும். பின்பக்கமும் அப்படியே இறக்கி, அடியில் இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரும்பு ஸ்கேல் வைத்து ஒரே கீறலில் இரண்டையும் சேர்த்து வெட்டி, மிச்சங்களை உருவிவிட்டு அழுத்துங்கள். கோடு மயிரிழையாகச் சேரும். பக்கப் பலகைகளுக்கும் அதே முறைதான், உருட்டு விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். எட்டு முனைகளில் துணி குமியும். அங்கே கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு உலோக மூலைக் காப்பு போடுங்கள், தூக்கும்போது அடிபடுவதும் அங்கேதான்.

அக்ரிலிக் மாட்டுவது

உடனே மாட்டாதீர்கள். இரண்டு நாள் பெட்டி திறந்தே கிடக்கட்டும். பசையிலிருந்து வரும் கரைப்பான் ஆவி அக்ரிலிக்கில் பட்டால் நரம்பு நரம்பாக மெல்லிய விரிசல் விடும். மூக்கை ஸ்பீக்கர் ஓட்டையில் வைத்துப் பார்த்து, வாடை முழுக்கப் போன பிறகு மாட்டுங்கள். அதுவரை அக்ரிலிக்கின் காப்புத் தாளை உரிக்க வேண்டாம்.

சுற்றிலும் 80 மி.மீ. க்கு ஒன்றாக 14 துளை. 4 மி.மீ. திருகுக்கு 5 மி.மீ. துளை போடுங்கள். அக்ரிலிக் சூட்டில் மரத்தைவிட அதிகமாக விரியும். 40 டிகிரி சூடு ஏறினால் இந்த 350 மி.மீ. தட்டு ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். துளையில் இடம் இல்லாவிட்டால் திருகைச் சுற்றி விரிசல் விடும். தட்டைத் தலையுள்ள திருகு, அதற்கு வாஷர். கூம்புத் தலைத் திருகு ஆப்பு மாதிரி இறங்கிப் பிளந்துவிடும். துளை போடும்போது அடியில் பலகை வைத்து, டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள்.

இப்போது காற்று. மூடிய பெட்டியில் ஜன்னலைச் சுற்றி ஊசிமுனை வழி இருந்தாலும் பேஸ் அடிக்கும்போது உஸ்ஸென்று ஊதும். வினைலின் பின்னால் இருக்கிற துணியின் இழை வழியாகவே காற்று போகும், நாம் போட்ட வெட்டுகள் வழியாகவும் போகும். அதனால்தான் மடிப்பு பள்ளத்துக்குள்ளேயே முடிய வேண்டும் என்றேன். காற்றை நிறுத்தும் ஃபோம் டேப் வினைலின் மேல் உட்காரக்கூடாது. பள்ளத்துக்கு வெளியே, சீலர் அடித்த வெறும் மரத்தின் மேல், 3 மி.மீ. தடிமன், 15 மி.மீ. அகல டேப்பை விடுபடாமல் சுற்றி ஒட்டுங்கள். தண்ணீர் குடிக்காத, மூடிய நுண்ணறை ஃபோம் வேண்டும், தலையணைப் பஞ்சு வகை காற்றை விடும். டேப்பின் இரு முனையும் சேரும் இடத்தைச் சாய்வாக வெட்டிச் சேருங்கள். பள்ளத்துக்குள் 12 மி.மீ. மெத்தென்ற கறுப்பு ஃபோம் பட்டை ஒன்றை வையுங்கள். அக்ரிலிக் அதை அழுத்தும், அது வினைல் மடிப்பை எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். பசை ஒருநாள் தளர்ந்தாலும் மடிப்பு வெளியே வராது.

திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், லாரி டயர் போல்ட் இறுக்குகிற மாதிரி. ஃபோம் சரிபாதி அமுங்கினால் நிறுத்திவிடலாம்.

சோதனைக்கு ஓர் ஊதுபத்தி போதும். ஸ்பீக்கரை மாட்டி, 30 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்ந்த ஒலியை மிதமாக ஓடவிட்டு, ஊதுபத்தியை ஜன்னல் விளிம்பு ஓரமாக மெல்லக் கொண்டுபோங்கள். புகை நேராக எழுந்தால் சரி. ஓரிடத்தில் துடித்தால் அங்கே கசிவு, அந்தப் பக்கத்துத் திருகையும் டேப்பையும் பாருங்கள்.

துடைப்பதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் மெல்லிய பருத்தித் துணியும் மட்டும். தின்னர், ஸ்பிரிட், அமோனியா கலந்த கண்ணாடி திரவம் எதுவும் அக்ரிலிக் பக்கம் வரக்கூடாது. சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போகும்போது கார் கழுவுபவரிடம் டிக்கியைத் திறந்து கொடுத்தால் இதையும் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் கையில் இருக்கும் பாட்டிலில் என்ன இருக்கிறதோ தெரியாது.

பெட்டியைக் காரில் வைத்த முதல் வாரம் வெயிலில் நிறுத்த நேர்ந்தால் டிக்கியை மறைத்து நிறுத்துங்கள். பசை முழு பலம் பெற அவ்வளவு நாள் ஆகும். வாரக் கடைசியில் ஸ்பீக்கரைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, பதினான்கு திருகையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். ஃபோம் படிந்ததில் சில திருகுகள் தளர்ந்திருக்கும், கால் சுற்று போதும். பிறகு வெளியே வந்து நான்கு மூலையையும் கட்டைவிரலால் வழித்துப் பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அங்கே அடியில் காற்று இருக்கிறது. மெல்லச் சூடு காட்டி, ஆறும் வரை விரலால் பிடித்திருந்தால் மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.